மவுண்ட் ரோட் மாளிகை யாருடைய சொத்து?

சென்னைப் பட்டினத்துக்குச் சென்று மீண்ட நம்மவருள், மவுண்ட் ரோட்டிலே நின்று ஒரு கணம் அண்ணாந்து பாராதவர் அரியர். தலைமன்னாரிலே கப்பலேறித் தனுஷ்கோடியிலே ரயிலேறிய அந்நாளைய யாத்திரிகரும், பலாலியிலிருந்து ஆகாய மார்க்கமாகச் செல்லும் இந்நாளைய பிரயாணிகளும் அந்த மாளிகையைக் கண்டு வந்து ஊரிலே கதை சொன்னவர்களே. கடல் கடந்து செல்ல வசதியில்லாதோரும் அதனை யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளிலே கண்டனர். கிராமத்துப் பையன் பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்து சேர்ந்தான் என்பதைக் காட்ட வேண்டுமாயின், தமிழ்ப் படக்காரர் முதலிலே சென்ட்ரல் ரயில் நிலையத்தைக் காட்டுவர், அடுத்தபடியாக எல்.ஐ.சி. மாளிகையைக் காட்டுவர். பட்டணம் என்ற சொல்லுக்கு அதுவே படமாக விளங்கிற்று.

177 அடி உயரமுள்ள அந்த மாளிகையைச் சனங்கள் ‘பதினான்கு மாடி’ என்றே வழங்கினர். கட்டி முடித்த காலத்திலே இந்தியாவிலேயே மிக உயர்ந்த கட்டிடம் அதுவெனப் பேசப்பட்டது. மவுண்ட் ரோட் அண்ணா சாலை ஆயிற்று. அதைவிட உயர்ந்த கட்டிடங்கள் எத்தனையோ எழுந்துவிட்டன. எனினும் அந்த மாளிகையின் பெயர் மாறவில்லை. 2019 ஆம் ஆண்டு மண்ணுக்கடியிலே ரயில் ஓடத் தொடங்கியபோது, அவ்விடத்து நிலையத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

மாளிகையை எல்லாரும் அறிவர். அதன் சொந்தக்காரரை அறிந்தவர் எத்தனை பேர்?

இந்த வினாவை நாம் வீண் வம்புக்காக எழுப்பவில்லை. அந்த மாளிகையின் வரலாற்றைச் சொல்லுவோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார் அது ஒரு செட்டியாரின் கனவு என்பர். மற்றொரு திறத்தார் அது சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் சாதித்த சாதனை என்பர். இரண்டும் முழு உண்மையல்ல. செட்டியார் கனவு கண்டார்; மெய். அரசாங்கம் அதை முடித்துத் திறந்து வைத்தது, அதுவும் மெய். ஆனால் அதற்குப் பணங்கொடுத்தவர் யார்? அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் யார்? இரு திறத்தாரும் வாய் திறவாத இடம் இதுவேயாம். அவ்விடத்திலேதான் நாம் வாய் திறக்க விரும்புகிறோம்.

சுதேசியம் இட்ட வித்து

1906 ஆம் ஆண்டு. வங்கப் பிரிவினையால் மூண்ட சுதேசியக் கனல் சென்னை மாகாணம் வரையும் பரவியிருந்த காலம். வெள்ளையர் துணியை விலக்குவது போல வெள்ளையர் காப்புறுதியையும் விலக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. அவ்வாண்டிலே சென்னையில் நிறுவப்பட்டது ‘யுனைடெட் இந்தியா’ என்னும் ஆயுட் காப்புறுதிக் கம்பெனி. மவுண்ட் ரோட் மாளிகையின் வேர் அந்தக் கம்பெனியிலே இருக்கிறது.

ஆயுட் காப்புறுதி என்பது எவ்வாறு நடக்கிறது என்பதை இங்கே சுருக்கமாக நினைவூட்டுதல் அவசியம். இருபத்தைந்து வயதுள்ள உபாத்தியாயர் ஒருவர் பத்திரம் ஒன்று எடுக்கிறார். முப்பது ஆண்டுக்கு ஒரே அளவான தவணைப் பணம் கட்டுகிறார். இளமையிலே இறப்பவர் சிலரே. ஆதலால் முதல் ஆண்டுகளிற் கட்டுகின்ற பணத்திற் பெரும்பகுதி உடனே செலவாவதில்லை. அது சேர்கிறது. ஆயிரமாயிரம் பேருடைய மிச்சம் ஒன்றாய்த் திரண்டு ‘ஆயுள் நிதி’ ஆகிறது. முதுமையிலே கொடுக்க வேண்டிய தொகைக்காகவும், இடையிலே மாண்டவரின் மனைவி மக்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்காகவும் அந்த நிதியைக் காத்து, வளர்த்து வைத்திருத்தலே கம்பெனியின் தொழில். அரசாங்கக் கடன் பத்திரம் வாங்குவதும், நிலம் வாங்குவதும், கட்டிடம் கட்டுவதும் அந்த வளர்ப்பின் பொருட்டே.

எனவே, ஆயுட் காப்புறுதிக் கம்பெனி ஒன்றின் சொத்திலே பங்குதாரர் இட்ட முதல் சிறிது. பத்திரதாரர் கட்டிய தவணைப் பணமே பெரிது. எழுதுவினைஞரும் உபாத்தியாயரும், தபாற்காரரும் சிறு வியாபாரியும், நெல் விற்ற காசிலே ஒரு பங்கை ஒதுக்கி வைத்த கமக்காரரும் கட்டிய பணம் அது. நம்மூர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளத்துக்கு வட்டவிதானை உண்டு. மதகைத் திறக்கவும் மூடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தண்ணீர் அவருடையதா? கமக்காரர் கூட்டங்கூடி, ‘எங்கள் வயலுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?’ என்று கேட்டால் அவர் விடை சொல்லியே தீர வேண்டும். காப்புறுதிக் கம்பெனியை நடத்துவோர், தனியாராயினும் அரசாங்கமாயினும், வட்டவிதானைமாரே அன்றி வேறல்லர்.

செட்டியார் கண்ட கனவு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் யுனைடெட் இந்தியா, எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் தலைமையின் கீழ் இருந்தது. நகரத்தார் குலத்தினரான இவர் 1937 ஆம் ஆண்டு இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை நிறுவி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளிலே கிளை திறந்தவர். கொழும்புச் செட்டியார் தெருவிலே நாம் கண்ட பழைய கிட்டங்கிகளின் வட்டித் தொழிலை விட்டு, புதுக்காலத்து வங்கி, காப்புறுதி, கைத்தொழில் என்னும் துறைகளிலே துணிந்து இறங்கிய தலைமுறைக்கு அவர் ஒரு முன்னோடி. அவருடைய திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை.

1953 ஆம் ஆண்டு மவுண்ட் ரோட்டிலே வேலை தொடங்கிற்று. இலண்டனைச் சேர்ந்த பிரௌண், மோலின் என்ற கட்டிடக் கலைஞர் இருவர் படம் வரைந்தனர். அதுவரையும் சென்னையின் பெரிய கட்டிடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்தவை. சுவரே பாரத்தைத் தாங்கும் முறையிலே கட்டப்பட்டவை. அவ்வாறு கட்டினால் உயரம் கூடக் கூட அடிச்சுவரின் பருமனும் கூட வேண்டும். இங்கேயோ பாரத்தைத் தாங்குவன கொங்கிறீற்றுத் தூண்கள். சுவர் வெறும் திரை. தூண் முறைக்குச் சென்னை மாறிய வரலாற்றிலே இந்த மாளிகை ஒரு மைல்கல். கொத்தனார் பரம்பரையின் அறிவு ஒரு புறம், எந்திரவியல் படித்தவரின் கணக்கு ஒரு புறமாக, அந்நகரம் ஒரு புதிய தொழிலைக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அது.

கனவு கண்டவர் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13 ஆம் திகதி சிங்கப்பூரிலே இறங்க முயன்ற விமானம் விபத்துக்குள்ளாகிச் செட்டியார் உயிர் துறந்தார். 1957 இல் இலண்டன் கலைஞர்கள் விலகினர். எஞ்சிய வேலையைச் சென்னைக் கட்டிடக் கலைஞர் எல். எம். சித்தாலே ஏற்று முடித்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 87 இலட்சம் ரூபா.

கனவு செட்டியாருடையது; படம் வெள்ளையருடையது; முடித்த கை சித்தாலேயுடையது; சுமந்த தோள் சென்னைத் தொழிலாளருடையது. அந்த 87 இலட்சம்? அதற்குத்தான் வரலாற்றிலே பெயரில்லை.

ஓர் இரவிலே மாறிய பெயர்ப்பலகை

கட்டிடம் பாதியில் நிற்கும்போதே அதன் எசமானர் மாறினார். 1956 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் திகதி இந்திய நிதி மந்திரி சி. டி. தேஷ்முக் வானொலியிலே பேசினார். ஆயுட் காப்புறுதித் தொழிலை அரசாங்கம் அவசரச் சட்டத்தால் எடுத்துக்கொண்டது என்பதே செய்தி. 154 இந்தியக் கம்பெனிகள், 16 அந்நியக் கம்பெனிகள், 75 சேமநிதிச் சங்கங்கள் — ஆக 245 ஸ்தாபனங்கள். அவ்வாண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி அவையனைத்தும் ஒன்றாக்கப்பட்டு ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதற்கு அரசாங்கம் இட்ட முதல் 5 கோடி ரூபா. யுனைடெட் இந்தியாவும் அதன் பாதிக் கட்டிடமும் அதனுள் அடங்கின.

இந்தத் தேசியமயத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு கண்டிக்கவில்லை. தனியார் கையிலே காப்புறுதி எத்தகைய கதியடைந்தது என்பதை நாடு கண்டது. பாரத் இன்சூரன்ஸ் என்ற கம்பெனியின் பணத்தை அதன் தலைவர் இராமகிருஷ்ண டால்மியா தம் சொந்தக் காரியங்களுக்குத் திருப்பிவிட்டதை 1955 ஆம் ஆண்டு பாராளுமன்றத்திலே அம்பலப்படுத்தினார் பெரோஸ் காந்தி. பின்னர் டால்மியா சிறை சென்றார். விதவைக்கும் அநாதைக்கும் உரிய பணத்தை முதலாளிமார் தம் சூதாட்டத்துக்கு எடுத்தால், அந்தக் கையைப் பிடித்துத் தடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதில் நமக்கு ஐயமில்லை.

புதிய சட்டத்திலே நல்லனவும் இருந்தன. பத்திரதாரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு மத்திய அரசாங்கமே உத்தரவாதம் அளித்தது. கணக்கிலே கண்ட உபரியிற் குறைந்தது நூற்றுக்கு 95 பங்கு பத்திரதாரருக்கே சேர வேண்டும் என விதித்தது. இவற்றை நாம் மறைக்க மாட்டோம். மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று.

பறிபோன நாற்காலி

ஆனால் அந்த இரவிலே வேறொன்றும் நடந்தது. அதைப் பற்றிப் பேசுவோரை நாம் அதிகம் கண்டதில்லை.

வெள்ளையர் ஆட்சியிலே, 1938 ஆம் ஆண்டு, காப்புறுதிச் சட்டம் ஒன்று வந்தது. ஆயுட் காப்புறுதி நடத்தும் கம்பெனியின் பணிப்பாளருள் நாலில் ஒரு பங்கினராவது பத்திரதாரராலே தெரிவு செய்யப்பட்டவராயிருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. எண்ணிப் பாருங்கள். அந்நிய ஆட்சியிலே, முதலாளிமாரின் கம்பெனியிலே, தவணைப் பணம் கட்டிய சாதாரண மனிதனின் பிரதிநிதிக்குச் சட்டம் ஒரு நாற்காலி போட்டது. அந்த நாற்காலியிலே பல வேளைகளில் முதலாளியின் ஆளே அமர்ந்தான் என்று கூறுவாருமுளர். அப்படியாயின் குற்றம் நாற்காலியினுடையதா, அமர்ந்தவனுடையதா? அமர்ந்தவனை எழுப்பலாம், எடுத்துச் சென்ற நாற்காலியை எப்படி மீட்பது?

1956 ஆம் ஆண்டுச் சட்டத்திலே அந்த நாற்காலி இல்லை. கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர் அனைவரும் மத்திய அரசாங்கம் நியமிப்பவர்கள். பத்திரதாரர் தெரிவு செய்ய ஒருவருமில்லை. ‘மக்களின் பணம் மக்களுக்கே’ என்று முழங்கிய அதே சட்டம், பணத்துக்குரிய மக்களைச் சபையிலிருந்து வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திற்று. ‘உங்களுக்காக நாம் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உள்ளே வரத் தேவையில்லை’ என்று கூறுவதற்கு மக்களாட்சியிலே என்ன பெயர்?

முந்திராவுக்குப் போன பணம்

கதவு சாத்தப்பட்ட வீட்டிலே என்ன நடக்கும் என்பதை அறிய நாடு அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1957 ஆம் ஆண்டு ஜூன் மாதம் — கூட்டுத்தாபனம் பிறந்து ஓராண்டுகூட நிறையவில்லை — கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்திராவின் ஆறு கம்பெனிகளில் 1 கோடி 24 இலட்சம் ரூபாவுக்குப் பங்கு வாங்கப்பட்டது. தள்ளாடிக்கொண்டிருந்த வியாபாரம் அது. முதலீட்டுக்கென நியமிக்கப்பட்டிருந்த குழுவின் ஆலோசனை முன்கூட்டிக் கேட்கப்படவில்லை.

அவ்வாண்டு டிசெம்பரிலே, டால்மியாவை அம்பலப்படுத்திய அதே பெரோஸ் காந்தி மீண்டும் எழுந்தார். இம்முறை அவர் கேள்வி கேட்டது தம் சொந்தக் கட்சியின் அரசாங்கத்தை. பிரதமராயிருந்தவர் அவருடைய மாமனார். நீதியரசர் சக்லா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958 பெப்ரவரியிலே நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதினான்கு மாடி மாளிகைக்கு ஆன செலவு 87 இலட்சம். முந்திராவின் கம்பெனிகளிற் போட்டது 124 இலட்சம். ஆறு ஆண்டு உழைத்து எழுப்பிய மாளிகை ஒன்றின் விலையையும் விஞ்சிய தொகை, ஒரு சிலர் கூடிப் பேசிய பேச்சிலே கைமாறிப் போயிற்று. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனுக்குக் கை வலிக்குமா?

தனியார் டால்மியாவும் அரசாங்கத்தின் முந்திரா விவகாரமும் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றே. எசமானர் மாறுவதனால் மட்டும் பணம் பாதுகாப்புப் பெறுவதில்லை. முதலாளியை நம்பினோம், அவர் எடுத்தார். அரசாங்கத்தை நம்பினோம், அது எடுத்துக் கொடுத்தது. இரு முறையும் உண்மையை வெளிப்படுத்தியது பகிரங்கக் கேள்வி. பெரோஸ் காந்தி என்ற ஒரு மனிதர் அப்போது பாராளுமன்றத்திலே இருந்தமை நாட்டின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பியா நாம் முதுமைக்குப் பணம் சேர்ப்பது?

திறப்பு விழாவும் தீயும்

1959 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் திகதி மாளிகை திறந்து வைக்கப்பட்டது. திறந்தவர் நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். அத்திவாரம் முதல் உச்சி வரையும் கட்டிடம் எழுவதற்குள் நிதி மந்திரிமார் மாறி மாறி வந்தனர்: எடுத்துக்கொண்டவர் தேஷ்முக்; முந்திரா விவகாரத்தில் விலகியவர் கிருஷ்ணமாச்சாரி; நாடாவை வெட்டியவர் தேசாய். மூவர் பெயரும் நூல்களில் உண்டு. நாடாவுக்கு அப்பால் வீதியிலே நின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்திலே, சட்டைப் பையிலே தவணைப் பற்றுச்சீட்டோடு நின்ற எழுதுவினைஞர் எத்தனை பேரோ! அவர்களுள் ஒருவனாவது அது தன் மாளிகை என்று எண்ணியிருப்பானா? எண்ணுமாறு எவரும் அவனுக்குச் சொல்லவில்லை.

1975 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11 ஆம் திகதி அந்த மாளிகை தீப்பற்றி எரிந்தது. நகரமே திரண்டு நின்று பார்த்தது. தீ அணைந்தபின் மாளிகை செப்பனிடப்பட்டது, தொடர்ந்து பயன்பட்டது. கொங்கிறீற்று எலும்பு உறுதியாயிருந்தது. தீயிலிருந்து கட்டிடத்தைக் காக்கலாம். எரிந்ததைத் திருத்தவும் செய்யலாம். புகையும் தீயுமின்றி, சட்டப் புத்தகத்தின் திருத்தங்களிலே ஓர் உரிமை எரிந்து போகும்போது மணியடித்து வரும் வண்டி எது?

அறுபது ரூபா தள்ளுபடி

அத்திருத்தங்களையும் பார்ப்போம். 2011 ஆம் ஆண்டுத் திருத்தம், உபரியிலே பத்திரதாரருக்குரிய 95 பங்கை 90 வரையும் இறக்க இடமளித்தது. 2021 இல் அதுவரையும் ஒன்றாயிருந்த ஆயுள் நிதி இரு கூறாக்கப்பட்டது. இலாபத்திலே பங்குபெறாத பத்திரங்களின் கூற்றிலே வரும் உபரி முழுவதும் பங்குதாரருக்கே என்று ஆயிற்று. வீட்டை விற்குமுன் சுவருக்கு வெள்ளையடிப்பது உலக வழக்கம். இவர்கள் விற்குமுன் வேலியை நகர்த்தினார்கள்.

2022 ஆம் ஆண்டு மே மாதம் விற்பனை நடந்தது. நூற்றுக்கு மூன்றரைப் பங்கு விற்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 949 ரூபா. அரசாங்கத்தின் திறைசேரிக்கு ஏறத்தாழ 20,500 கோடி ரூபா சேர்ந்தது. 1956 இல் இட்ட முதல் 5 கோடி! அறுபத்தாறு ஆண்டிலே அந்த ஐந்து கோடி இவ்வளவு பெருகியது எதனால்? மந்திரிமாரின் மதிநுட்பத்தாலா? அன்று. கோடிக்கணக்கான குடும்பங்கள் மாதந்தோறும் கட்டிய பணத்தாலும், அவர்கள் வைத்த நம்பிக்கையாலும், வீடு வீடாக வெயிலிலே நடந்த முகவர்களின் உழைப்பாலுமே பெருகிற்று.

அந்தக் குடும்பங்களுக்கு விற்பனையிலே கிடைத்தது என்ன? பத்திரதாரருக்குப் பங்கு ஒன்றுக்கு 60 ரூபா தள்ளுபடி! தன் பணத்தாலே கட்டிய வீட்டின் ஒரு செங்கல்லை 949 ரூபாவுக்கு அல்ல, 889 ரூபாவுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரனுக்கே சலுகை! அந்தச் சலுகையை நம்பி வாங்கியவருக்கும் முதல் நாளிலே ஏமாற்றம். மே 17 ஆம் திகதி சந்தை மூடியபோது விலை 889 க்கும் கீழே நின்றது.

‘சட்டப்படி சொத்து கூட்டுத்தாபனத்துக்கே உரியது, பத்திரதாரருக்கு ஒப்பந்தப்படி வரும் தொகையன்றி வேறு உரிமையில்லை’ என்று சட்டம் படித்தோர் நமக்கு நினைவூட்டக்கூடும். நினைவூட்டுக, நாம் மறுக்கவில்லை. சட்டம் அப்படியிருப்பதே நம் முறைப்பாடு. அச்சட்டத்தை எழுதியபோது பத்திரதாரர் சார்பிலே மேசையருகே அமர ஒருவரும் இருக்கவில்லை என்பதே நம் வழக்கு. வெளியே நிறுத்தப்பட்டவனைப் பார்த்து ‘உள்ளே எழுதிய பத்திரத்திலே உன் பெயரில்லையே’ என்பது நியாயமாகுமா?

வேறு சிலர், ‘பங்குச் சந்தைக்கு வந்தால் கணக்கு வெளிச்சத்துக்கு வரும், அதனால் நன்மையே’ என்பர். வெளிச்சம் வருவதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் பங்கு வாங்கியவனின் கண்ணுக்காக ஏற்றப்படுவது. பங்கு வாங்கியவனுக்கு வேண்டியது இலாபம். பத்திரம் வாங்கியவனுக்கு வேண்டியது பாதுகாப்பும் போனசும். உபரி ஒன்றே, அதன்மேல் வாய் இரண்டு. ஒரு வாய்க்கு வாக்குரிமை உண்டு; மற்ற வாய்க்கு இல்லை. எந்த வாய் நிறையும் என்பதைச் சொல்லச் சோதிடன் வேண்டுமா?

நமக்கு என்ன?

‘சென்னை மாளிகையின் சண்டை சென்னைக்கு, நமக்கு என்ன?’ என்று வாசகர் சிலர் கேட்கலாம். நம் வீட்டுக் கதையும் அதே கதையாயிருப்பதாலேயே நாம் இதனை எழுத நேர்ந்தது.

இந்தியா காட்டிய வழியிலேயே இலங்கையும் சென்றது. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962 முதல் புதிய ஆயுட் காப்புறுதி முழுவதும் அதன் ஏகபோகமாயிற்று. நம்முடைய உபாத்தியாயரும் உத்தியோகத்தரும் வைத்தியரும் பல்லாண்டு அதற்கே பணம் கட்டினர். 2003 இல் அதன் பங்குகளில் நூற்றுக்கு 90 தனியாருக்கு 600 கோடி ரூபாவுக்கு விற்கப்பட்டது. பத்திரதாரரை எவரும் கேட்கவில்லை. 2009 ஜூன் 4 ஆம் திகதி அந்த விற்பனை செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்தாபனம் மீண்டும் அரசாங்கத்துக்கு வந்தது. அப்போதும் பத்திரதாரரை எவரும் கேட்கவில்லை. 2023 இல் விற்பனைப் பட்டியலிலே அதன் பெயர் மீண்டும் ஏறிற்று. விற்றதும் மீட்டதும் மறுபடி விற்க நினைத்ததும் அரசாங்கங்களே. பணங் கட்டியவனோ, சந்தையிலே நிற்கும் மாடு போல, கயிறு கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊழியர் சேமலாப நிதியின் கதை என்ன? 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தாலே பிறந்த அந்த நிதி, தொழிலாளரும் எசமானரும் மாதந்தோறும் இட்ட பணம். அதன் முதலீட்டை நடத்துவது மத்திய வங்கி. 2023 இல் நாடு கடனிலே மூழ்கியபோது, உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கும் திட்டத்திலே அந்த நிதியின் கடன் பத்திரங்கள் நீண்ட தவணைப் பத்திரங்களாக மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் கூடிய வரி என்ற நிபந்தனையும் உடனிருந்தது. நாட்டின் நெருக்கடியை நாம் அறியாதவரல்லர். ஆனால் தியாகம் செய்யுமாறு கேட்கப்பட்ட அங்கத்தவனுக்கு, ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ சொல்ல வழியிருந்ததா? அவனுடைய பணத்தைக் காப்போரும் அவனுடைய பணத்தைக் கடனாகப் பெற்றோரும் மேசையின் ஒரே பக்கத்திலன்றோ இருந்தனர்?

ஆகவே சென்னை மாளிகை நமக்குக் கண்ணாடி. அதன் ஒவ்வொரு மாடியிலும் தெரிவது நம் முகமே.

நாம் கேட்பது

நாம் கேட்பது மாளிகையைத் துண்டு துண்டாய்ப் பிரித்துக் கொடுக்குமாறு அன்று. பொது நிதி பொதுவாகவே இருக்க வேண்டும். திரண்டிருப்பதே அதன் பலம். தனியாருக்குத் திருப்பிக் கொடு என்பதுமன்று. டால்மியாக்களை நாம் மறந்துவிடவில்லை. நாம் கேட்பது ஒன்றே: எடுத்துச் சென்ற நாற்காலியைத் திரும்பப் போடுங்கள்!

1938 இல் அந்நியன் கொடுத்த நாலில் ஒரு பங்கை, சுதந்திர நாட்டின் அரசாங்கம் கொடுக்க மறுப்பதற்கு நியாயம் எதுவுமில்லை. காப்புறுதி நிதியாயினும் சேமலாப நிதியாயினும், பணங் கட்டியோர் தெரிவு செய்த பிரதிநிதிகள் அதன் நிருவாக சபையிலே அமர வேண்டும். பெருந்தொகை முதலீடு ஒவ்வொன்றும், எவருக்குக் கொடுக்கப்பட்டது, எக்காரணத்தாற் கொடுக்கப்பட்டது என்பது, கட்டியவன் விளங்கிக்கொள்ளும் மொழியிலே ஆண்டுதோறும் அவனுக்கு அறிவிக்கப்பட வேண்டும். நிதியின் உபரியைப் பங்கிடும் விதியை மாற்றுவதாயின், அவனுடைய பிரதிநிதிகளின் சம்மதமின்றி மாற்றலாகாது. கமக்காரர் கூட்டத்திலே ஏக்கர்க்கணக்குப் பார்த்துத் தண்ணீர் பங்கிடத் தெரிந்த நம் மக்களுக்கு, தம் பணத்தைப் பங்கிடும் சபையிலே அமரத் தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. காப்புறுதிப் பத்திரம் வீட்டுப் பெட்டியடியிலே உறங்குகிறது. சேமலாப நிதிக் கணக்கைப் பல ஆண்டாகப் பாராதவர் பலர். உறங்கும் சொந்தக்காரனின் வளவிலேதான் வேலி நகரும். பெட்டியைத் திறவுங்கள். பத்திரத்தைப் படியுங்கள். போனஸ் என்ன, முதலீடு எங்கே என்று எழுதிக் கேளுங்கள். சங்கத்திலே பேசுங்கள். கேட்பவன் ஒருவனாயின் அவன் தொல்லைக்காரன். கேட்பவர் ஆயிரவராயின் அது உரிமை.

மவுண்ட் ரோட்டுக்கு மறுமுறை செல்வோர் அந்த மாளிகையின் முன் சற்று நின்று பாருங்கள். வரைந்தவர் பெயர் தெரியும். திறந்தவர் பெயர் தெரியும். நடத்தும் ஸ்தாபனத்தின் பெயர் உச்சியிலே விளக்கெழுத்தில் எரியும். எழுதப்படாத பெயர் ஒன்று உண்டு. மாதம் தவறாமற் பணம் கட்டி, பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாளிகையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினானே, அவனுடைய பெயர். அந்தப் பெயரைச் சுவரிலே எழுதினாற் போதாது; சபையின் நாற்காலியிலே எழுத வேண்டும். எழுதும் வரையும் நாம் ஓயப் போவதில்லை.